பிரகாசியின் கோபத்தில் காய்ந்த கருவாடு

பிரகாசிக்குக் கோபம் வந்தால் வெள்ளோடைப்பட்டினத்தில் காற்று அடிக்கும். லேசான எரிச்சல் என்றால் கொடியில் கிடக்கும் துணி அசையும், கொஞ்சம் கூடினால் பனைமட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், வாய்விட்டுக் கத்தினால் கரையில் கட்டிக் கிடக்கும் படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறும். அவள் பிறந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது, ஆனாலும் வெள்ளோடைப்பட்டினத்துக் கயித்தானுக்குப் பெண் பேச வந்தபோது யாரும் சொல்லவில்லை, முதுகில் இருக்கும் மச்சத்தைச் சொல்லிக்கொண்டா பெண் கொடுப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் கறியில் வெறும் எலும்புதான் கிடக்கிறது என்று மூன்றாம் முறையாக முணுமுணுத்தபோது பந்தல் அப்படியே கிளம்பிப் போய்க் கடலில் விழுந்தது, நாலு பேர் நீந்திப் போய் இழுத்து வந்தார்கள், பிறகு எல்லோரும் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

ராமநாதபுரத்துக் கடற்கரையில் பங்குனி பிறந்தால் காற்று விழுந்துவிடும், மணலில் விரித்த மீன் காயாமல் வியர்த்துப் புழுத்துப் போகும், கருவாடு போடும் பெண்கள் வயிறெரிந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த வீட்டு வியாகுலம்தான் முதலில் வழி கண்டுபிடித்தாள். மணலில் நெத்திலியைப் பரப்பிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி பிரகாசி வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏ மதினி, ஒங்க மீன் கொழம்புல எப்பவும் புளி தூக்கலாமே, அண்ணன் கடையில நின்னு சொல்லிக்கிட்டு இருந்தாக" என்றாள். கயித்தான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் நெத்திலி சலசலவென்று காய்ந்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா. திங்கட்கிழமை மேலத்தெருக்காரிகள் வந்து அவள் சமையலைப் பற்றிப் பேசினார்கள், புதன்கிழமை கீழத்தெருக்காரிகள் வந்து அவள் பிறந்த ஊரைப் பற்றிப் பேசினார்கள், கரண்ட் போன மத்தியானங்களில் யாராவது ஒரு கிழவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவள் மாமியார் செத்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று வருத்தப்பட்டார், பட்டம் விடும் பையன்கள் அவள் வீட்டுக் கோழியை விரட்டினார்கள். ஊர்க் கமிட்டி கூடி, படகுகள் கடலில் இருக்கும்போதும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கும்போதும் பிரகாசியைச் சீண்டக் கூடாது என்று தீர்மானம் போட்டு நோட்டில் எழுதி வைத்தது. ஒருமுறை ஓர் அதிகாரி கருவியோடு வந்து மூன்று நாள் தங்கி, இந்தக் கரையில் காற்றின் போக்கு சற்றுச் சிக்கலானது என்று எழுதிக்கொண்டு, இரண்டு கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு போனார்.

பதினேழு வருஷத்தில் ஒருவராவது, பிரகாசி, உனக்கு என்னதான் கோபம் என்று கேட்டதில்லை. பசுவுக்கு எதற்குப் பால் சுரக்கிறது என்று கறப்பவன் கேட்கிறானா என்ன. கயித்தான் மட்டும் அவளைச் சீண்டியதில்லை. அவன் அதிகம் பேசாதவன், கடலிலிருந்து வந்து வலையை உதறிப் போட்டுவிட்டு அசந்து தூங்குகிறவன், ஆனால் காற்று வேண்டும் என்பதற்காக அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அவனோடு வாழ்ந்ததற்கு அந்த ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

ஊருக்கு ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கமிட்டித் தலைவர் சவரியான் ஊருக்கு வடக்கே இறால் பண்ணை போட்ட மறுவருஷம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்தது, அதற்கடுத்த மாதம் பருப்பு வேகவில்லை, அதற்கும் அடுத்த மாதம் குளித்த குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடித்தது. பண்ணையிலிருந்து இறைத்து விடும் மருந்துத் தண்ணீர் ஓடையில் போய், ஓடையிலிருந்து மணலுக்குள் இறங்கி, மணலுக்குள்ளிருந்து கிணற்றுக்கு வருகிறது என்பது கண்ணுள்ள யாருக்கும் தெரியும். பிரகாசி ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "தலைவரே, கெணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு. பண்ணைத் தண்ணிதான் எறங்குது. நீங்க வந்து பாருங்க" என்று மூன்று வாக்கியம் சொன்னாள், நாலாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தபோது தலைக்கு மேலே தார்ப்பாய் படபடத்தது, வெளியே யாரோ ஒருத்தி "காத்து வந்துட்டு!" என்று கூவினாள், கூட்டத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் விரிக்க ஓடினார்கள், ஆண்கள் அவர்களுக்குக் கூடை தூக்க ஓடினார்கள். சவரியான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். ஏழு கூட்டங்களில் இதே கதை நடந்தது, ஏழு தடவையும் அவள் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்டவில்லை.

அவளுக்கு நாலு வயதில் ஒரு மகன் இருந்தான், நிக்சன். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாந்தி எடுக்கத் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கும்போது தர்மாஸ்பத்திரியில் செத்துப் போனான். என்ன தண்ணீர் குடித்தான் என்று டாக்டர் கேட்டார், ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்று கயித்தான் சொன்னான், டாக்டர் எதையோ எழுதினார், அந்தக் காகிதம் எங்கேயோ போயிற்று. குழிக்குள் பெட்டியை இறக்கும்போது பிரகாசி அழவில்லை. வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. ஒன்பது நாள் அடித்தது. கூரை பறக்கவில்லை, மரம் சாயவில்லை, வறண்ட, ஒரே சீரான காற்று, இரவும் பகலும் நிற்காத காற்று, அப்படியொரு காற்று அந்தக் கரையில் அதற்கு முன் அடித்ததே இல்லை.

ஊர் என்ன செய்தது? மீன் காயப்போட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வியாகுலம் ஒரு பொட்டலத்தோடு காத்திருந்தாள். அவள் கெட்டவள் இல்லை, நிக்சனைத் தூக்கி வைத்துச் சோறு ஊட்டியவள், அவளுடைய பையன் ரூபனும் அதே மாதம் அதே வாந்தியில் கிடந்து எப்படியோ பிழைத்து வந்தவன். பொட்டலத்தைப் பிரகாசியின் கையில் வைத்து, "அந்த ஒம்பது நாள்ல காஞ்சது மதினி, இந்த மாதிரிக் கருவாடு என் ஆயுசுல நான் போட்டதில்ல, கண்ணாடி மாதிரி இருக்கு, ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்றாள். பிரகாசி பிரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று நெத்திலி. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் வீசிவிட்டு வந்து, கயித்தானிடம் சொன்னாள்.

"என் புள்ள செத்த காத்துல மீன் காயப்போட்டுத் தின்னுட்டாளுகய்யா. இனிமே இந்த மண்ணுல நான் கால் வைக்க மாட்டேன். எந்த மண்ணுலயும் வைக்க மாட்டேன். கடல்லயே இருப்போம்."

"எஞ்சின் படகு வேணாம்" என்றான் கயித்தான். "மானிய டீசலுக்கு மாசாமாசம் சவரியான் கையெழுத்துப் போடணும். பாய் கட்டுற வத்தையாப் பாப்போம்."

தன் பைபர் படகையும் எஞ்சினையும் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த பெரிய வத்தையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். முப்பதடி நீளம், நடுவில் பாய்மரம் நடும் குழி, மூன்று பேர் நீட்டிப் படுக்க இடம். அன்றிலிருந்து குடும்பமே அதன் மேல்தான் கிடந்தது. கயித்தான் பலகை இடுக்குகளில் பஞ்சும் தாரும் அடைத்தான், பத்தாவது முடித்திருந்த மகள் ஜெனோவா பின்பக்கம் ஓலைக் கூரை வேய்ந்தாள், பிரகாசி படுதாவைக் கிழித்து மடித்துத் தைத்துப் பாய் செய்தாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தினமும் ஒரு சண்டை நடந்தது. மிக்சி வேண்டாம், கரண்டுக்கு எங்கே போவது. அம்மி வேண்டும், அடியில் பாரத்துக்கும் ஆகும், சட்னிக்கும் ஆகும். கேஸ் அடுப்பைக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். ஜெனோவாவின் மார்க் ஷீட்டை மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு மெழுகுவர்த்தியால் வாயைச் சுட்டு ஒட்டினார்கள். ரேஷன் கார்டில் இன்னும் நாலு பெயர் இருந்தது, தாலுகா ஆபீஸில் போய் நிக்சன் பெயரை எடுத்துவிட்டு வரலாமா என்று கயித்தான் மெதுவாகக் கேட்டான். "எடுக்க மாட்டேன், அவன் பேருக்கும் அரிசி போடட்டும்" என்றாள் பிரகாசி, சொல்லும்போதே கூரை ஓலை இரண்டு பிய்த்துக்கொண்டு போயிற்று.

நாகப்பட்டினம் வரை வடக்கே போகலாம், பிறகு திரும்பி ராமேஸ்வரம், அதற்குப் பிறகு தூத்துக்குடி, பிடித்ததை அங்கங்கே விற்று, அங்கங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒரு ஊரின் தண்ணீர் உப்பானால் அடுத்த ஊருக்கு என்று ஜெனோவா பள்ளிக்கூட அட்லஸில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

வத்தைக்குத் தார் பூசிய அன்றுதான் ஊருக்கு உறைத்தது. பிரகாசி போய்விட்டால் பங்குனியில் காற்றுக்கு யார்? முதலில் கெஞ்சினார்கள், திருவிழா முடிந்து போகலாமே என்றார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒரு மாதம், பங்குனிக்கு மட்டும் வந்து போகக் கூடாதா என்றார்கள். மேலத்தெரு மனுஷி ஒருத்தி வெட்கமே இல்லாமல், "போறதுன்னா போங்க, மகள விட்டுட்டுப் போங்களேன், அதுக்கும் அந்தக் கொணம் இருக்கான்னு பாத்துக்கிறோம்" என்றாள், பார்ப்பதற்காக ஜெனோவாவின் தொடையில் நறுக்கென்று கிள்ளவும் செய்தாள். ஜெனோவா பதிலுக்கு அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள், இலை கூட அசையவில்லை, அதனால் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

கடைசியாகத்தான் சவரியான் ஊர் விலக்கு போட்டார். கோயில் மைக்கில் அறிவித்தார்கள். கயித்தான் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, தீப்பெட்டி கொடுக்கக் கூடாது, வத்தையைத் தள்ளக் கை கொடுக்கக் கூடாது, மீறினால் அவர்களுக்கும் அதே விலக்கு, விலக்கை எடுக்கிற வரை தலைவர் ஒருவர் மட்டுமே அவர்களோடு பேசலாம். ஒரு வாரத்தில் காலில் வந்து விழுவார்கள் என்பது சவரியானின் கணக்கு. அந்த ஊரில் விலக்கு என்றால் விலக்குதான், கூடப் பிறந்தவனே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான், அதில் மட்டும் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்லவே முடியாது.

அந்தக் கட்டுப்பாடுதான் அவர்களுக்கு வினையாக முடிந்தது. பேசக் கூடாது என்றால் சீண்டவும் கூடாது அல்லவா? திங்கட்கிழமை மேலத்தெருக்காரிகள் வரவில்லை. புதன்கிழமை கீழத்தெருக்காரிகள் வரவில்லை. புளி தூக்கல் என்று சொல்ல ஆளில்லை, ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கிழவர் இல்லை, பங்குனி வெயிலில் காற்று சுத்தமாக நின்றுபோயிற்று, விரித்த மீன் விரித்த இடத்திலேயே நாறியது, தெருவெல்லாம் ஈ. கமிட்டி கூடியது, கூடிக் கலைந்தது. போட்ட விலக்கை ஒரு மாதத்தில் எடுத்தால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று சவரியான் கேட்டார், விலக்குப் போட்டவனே அவர்கள் வாசலில் போய் நிற்பதா என்றும் கேட்டார்.

பிரகாசிக்குக் கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. பதினேழு வருஷமாக அவள் கோபம் ஊறிய உடனே யாராவது வந்து கறந்துகொண்டு போனார்கள், இப்போது கறக்க ஆளில்லாததால் அது முதல் தடவையாக அவளிடமே தங்கியது. பல் தேய்க்கும்போது இருந்தது, பாயைத் தைக்கும்போது இருந்தது. எட்டு மைல் தள்ளி அடிபம்பில் தண்ணீர் பிடித்து, கயித்தானின் டிவிஎஸ்ஸில் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும்போதும் கூடவே இருந்தது. அது எவ்வளவு கனம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது, தெரிந்த பிறகு ஒரு மூச்சைக்கூட வீணாக்க அவளுக்கு மனமில்லை.

விலக்குப் போட்ட நாற்பத்தோராம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், மூன்று பேரும் உருளைக் கட்டைகளை வைத்து வத்தையைத் தாங்களே தள்ளித் தண்ணீரில் இறக்கினார்கள். ஊரே கரையில் நின்றது. ஒருவரும் கை கொடுக்கவில்லை, ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆனால் பெண்கள் அத்தனை பேர் இடுப்பிலும் மீன் கூடை இருந்தது. போகிற நேரத்திலாவது இவளுக்குக் கோபம் வராமலா போகும், கடைசியாக ஒரு காய்ச்சல் காய்ந்துவிடுமே என்று கொண்டு வந்திருந்தார்கள். கயித்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாயை ஏற்றினான். அது நனைந்த சேலை மாதிரி தொங்கியது.

"துடுப்புப் போட்டே போவோம்" என்றபடி கயித்தான் வத்தைக்குள் ஏறினான். பிரகாசி தலையாட்டினாள். அவளைக் கோபப்படுத்தலாம் என்ற எண்ணம் அப்போதும் அவனுக்கு வரவில்லை.

சவரியானுக்கு வந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலை ஓரம் வரை வந்து நின்றார். "ஏ பிரகாசி! போறவ ஒரு சொல்லு கேட்டுட்டுப் போ. ஒன் சமையல நாய் திங்காதுடி!" பாய் அசையவில்லை. பின்னால் நின்ற பெண்கள் கூடையை இறக்கி மணலில் மீனைக் கொட்டத் தயாராகக் குனிந்தார்கள். சவரியான் அவள் பிறந்த ஊரைப் பேசினார், அவள் மாமியாரின் சாவைப் பேசினார், எஞ்சினை விற்றுவிட்டுப் பெண்டாட்டி மூச்சை நம்பிக் கடலுக்குப் போகிறவன் ஆம்பளையா என்று கயித்தானைக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது, மீன் வாடை எழுந்தது. பதினேழு வருஷம் ஊருக்கே படியளந்த காற்று தன் பேச்சுக்கு மட்டும் வரவில்லை என்பதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆமாடி!" என்று கத்தினார். "என் பண்ணைத் தண்ணிதான் கெணத்துல எறங்குச்சு! எனக்கு மொதல்லயே தெரியும்! அதனாலதான் என் வீட்டுக்கு மட்டும் லாரித் தண்ணி! ஒன் மகன் குடிச்சான், செத்தான், என்ன பண்ணிக் கிழிப்ப? எங்க, ஊது பாப்போம்!"

கரையில் நின்ற அத்தனை கண்களும், பழக்கதோஷம், முதலில் பாயைத்தான் பார்த்தன. பாய் அப்படியே தொங்கியது. பிரகாசி வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவேயில்லை.

"சத்தமாச் சொல்லுங்க தலைவரே. பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

கோபம் கிளம்பிவிட்டது, இன்னும் கொஞ்சம் கிளறினால் போதும் என்று நினைத்துக்கொண்ட அந்த முட்டாள் மனிதர், கையைக் குவித்து வாயில் வைத்து, முன்னிலும் உரக்க, ஒரு சொல் விடாமல் மறுபடியும் சொன்னார். கரையின் கடைசியில் நின்ற காது கேட்காத கிழவருக்கும் கேட்டது.

எல்லோரும் அந்தக் கிணற்றில்தான் குடித்தார்கள். எல்லோர் வீட்டிலும் அந்த வருஷம் யாரோ ஒருவர் படுத்துக் கிடந்தார்கள். வியாகுலம் இடுப்பிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். அவளுக்கு ரூபன் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் கண் செருகிக் கிடந்தது ஞாபகம் வந்தது, தான் கொண்டுபோய்க் கொடுத்த பொட்டலம் ஞாபகம் வந்தது, அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. வாயைத் திறந்தாள். அதில் கிளம்பிய காற்றில் சவரியானின் துண்டு தோளிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் வாயைத் திறந்தாள், அதற்கடுத்தவளும் திறந்தாள், மேலத்தெருவும் கீழத்தெருவும் திறந்தன. கூடைகள் உருண்டன, கொட்டிய மீன் மணலோடு புரண்டு கடலுக்கே திரும்பிப் போனது, சவரியான் முழங்காலில் விழுந்து ஓர் உருளைக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், வடக்கே இறால் பண்ணையின் கொட்டகைத் தகரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து பறந்தன. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்த அந்தக் காற்றில் பாய் ஒரே மூச்சில் புடைத்தது, வத்தை ஓர் ஆள் நீளம் முன்னால் பாய்ந்தது, ஜெனோவா கோழிக் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வியாகுலம் விலக்கை மறந்து, கழுத்தளவுத் தண்ணீர் வரை ஓடி வந்தாள். "மதினி! போகாதீக மதினி! இனிமே நாங்க கேக்குறோம், அந்தாள நாங்க விடமாட்டோம், திரும்பி வாங்க!"

கயித்தான் சுக்கானைப் பிடித்தபடி பிரகாசியைப் பார்த்தான். "என்ன செய்ய? பாய எறக்கவா?"

பிரகாசி கரையைப் பார்த்தாள். அவள் முதல் கூட்டத்தில் எழுந்து நின்ற அன்று இந்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கு அடித்திருந்தால் போதும், இன்றைக்கு நிக்சனுக்கு ஐந்து வயது நடந்திருக்கும். அவளுக்கு இரக்கம் வரவில்லை, வரவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"எறக்காதீக" என்றாள். "பதினேழு வருசமா என் காத்துல மீன் காயப்போட்டாளுக. இன்னைக்கு ஒரு நாள் அவளுக காத்துல நான் போறேன்."